நாளைக்குக் கரை உடைக்கணும்

மேற்குக் கரை டிரைவர்: ...அதான் சொல்றேன் தம்பி, உன் வண்டிதான் பழசு. ரிப்பேர்னு நீயே மேடத்துக்கிட்ட சொல்லிடு. ஓவர்.

கிழக்குக் கரை டிரைவர்: நல்லா இருக்கே கதை! உங்க பொக்லைனுக்கு ஒரு பக்கம் கண்ணாடியே கிடையாது. நீங்க சொல்லுங்கண்ணே. நான் பெரிய மனசு பண்ணிக் காத்துக்கிட்டு இருக்கேன்.

மேற்கு: ஓவர் சொல்லு.

கிழக்கு: நம்ம ரெண்டு பேருக்குள்ள எதுக்குண்ணே...

மேற்கு: ஒப்பந்தத்துல இருக்குடா. வாக்கிடாக்கியில எப்படிப் பேசணும்னு ரெண்டு நாடும் உக்காந்து ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. ஓவர்.

கிழக்கு: ஓவர், ஓவர். போதுமா? நான் ரிப்பேர்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டே நாள்ல எங்க நாட்டுலேர்ந்து மெக்கானிக், வேற டிரைவர். நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு.

மேற்கு: எனக்கு மட்டும் மாலை போட்டு அனுப்புவாங்களாக்கும்.

கிழக்கு: யாராவது ஒருத்தர் நின்னாத்தானே நாளைக்குக் கரை உடைக்கிறது தள்ளிப்போகும்?

மேற்கு: இரு... இரு. தள்ளிப்போனா உனக்கு என்ன லாபம்?

கிழக்கு: எனக்கு என்ன... ஒண்ணுமில்ல. உங்களுக்கு?

மேற்கு: எனக்கும் ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

மேடம்: ரெண்டு கரைக்கும் கண்காணிப்புக் கோபுரத்துலேர்ந்து பேசுறேன். காலையிலேர்ந்து ஒரு வண்டி சத்தமும் காணோமே? ஓவர்.

மேற்கு: வணக்கம் மேடம். இன்ஜின் சூடாகுது. ஆறட்டும்னு விட்டிருக்கேன்.

மேடம்: ஸ்டார்ட்டே பண்ணாத இன்ஜின் எப்படிச் சூடாகும்?

மேற்கு: வெயில் மேடம்.

மேடம்: சரி. கிழக்கு?

கிழக்கு: டீசல் வரல மேடம்.

மேடம்: டீசல் லாரி நேத்து உங்க கரையில நின்னதே.

கிழக்கு: நின்னுச்சு மேடம். ஆனா டீசல்... டீசல் கொஞ்சம் தெளியட்டும்னு...

மேடம்: நாளைக்குக் காலையில ரெண்டு நாட்டு மந்திரியும் வர்றாங்க. ஒரே நேரத்துல ரெண்டு கரையும் உடையணும். மேற்குல தண்ணி சதுப்புக்குள்ள வரணும், கிழக்குல வெளிய போகணும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தினா ஊருக்குள்ள வெள்ளம். ஞாபகம் இருக்கட்டும். ஓவர்.

கிழக்கு: ...போயிட்டாங்களா?

மேற்கு: போயிட்டாங்க. டீசல் தெளியணுமாம். வெக்கமா இல்ல?

கிழக்கு: வெயில்ல இன்ஜின் சூடாகுதாம். நீங்க பேசாதீங்க.

மேற்கு: எல்லாம் இந்தப் பெரியவங்களால. எந்த மந்திரி முதல்ல கையை ஆட்டித் தொடங்கி வைக்கிறதுன்னு சண்டை போட்டு அத்தனை நாள் வேலையை நிறுத்தி வச்சாங்களே. வண்டி அசையாம கெடந்தா என்னென்ன வரும்...

கிழக்கு: என்ன வரும்?

மேற்கு: துரு. துரு வரும்னு சொன்னேன்.

கிழக்கு: அண்ணே... அது என்ன சத்தம்?

மேற்கு: எது?

கிழக்கு: உங்க பக்கம். கீச்சு கீச்சுன்னு.

மேற்கு: ஃபேன் பெல்ட்டுடா.

கிழக்கு: நிக்கிற வண்டியில ஃபேன் பெல்ட் கத்துமா?

மேற்கு: இது பசி வந்தா கத்துற பெல்ட்டு.

கிழக்கு: அண்ணே!

மேற்கு: மெதுவாப் பேசு, பயப்படுதுங்க. கேபினுக்குள்ள, என் தலைக்கு மேல மூலையில கூடு. வாலு ரெண்டாப் பிரிஞ்ச குருவி. கண்ணாடி இல்லாத பக்கமா வந்து, வாயால மண்ணை அள்ளி அள்ளி அப்பியிருக்கு. நம்ம தொழில்தான் தம்பி அதுக்கும். ஆனா நம்மளை விடச் சுத்தம்.

கிழக்கு: எத்தனை நாளா?

மேற்கு: லீவு முடிஞ்சு வந்து பார்த்தா இருக்கு. இப்ப குஞ்சுக்கு றெக்கை முளைக்குது. உங்க அண்ணி போன்ல கேக்குறா, வண்டிக்குள்ள யாரைக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்கன்னு. என்னத்தைச் சொல்ல? நாளைக்கு இன்ஜினைப் போட்டா அந்த அதிர்வுல கூடு பெயர்ந்து விழுந்துடும். நீயே சொல்லு, சதுப்பைக் காப்பாத்தக் கூப்பிட்டாங்க நம்மளை. முதல் வேலையே இதா? ...என்னடா சிரிக்கிற?

கிழக்கு: என் பக்கெட்டுல தண்ணிக்கோழி அடைகாக்குது.

மேற்கு: அடப்பாவி.

கிழக்கு: பக்கெட்டைத் தண்ணி ஓரமா இறக்கி வச்சுட்டுப் போனேனா... கோரைப்புல்லை இழுத்துப் போட்டு மெத்தை கட்டிடுச்சு. கிட்டப் போனா என்னையே கொத்த வருது. என் வண்டியில எனக்கு இடமில்ல. டீசல் கேனை வச்சு மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்.

மேற்கு: அதான் டீசல் தெளியுதா?

கிழக்கு: ஆமா.

மேற்கு: முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

கிழக்கு: சொன்னா நீங்க கமிட்டிக்கு எழுதிப் போட்டுட்டா? கூடு இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு நாட்டுக் கமிட்டியும் கூடணும். கையாட்டுற சண்டைக்கே அத்தனை நாள் ஆச்சு. இதுக்குக் கூடிக் கலையுறதுக்குள்ள மழை வந்துடும், அப்புறம் கரையில கை வைக்க முடியாது. இந்த வருஷமும் சதுப்புக்குத் தண்ணி கிடையாது.

மேற்கு: நானும் அதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். சொன்னா சதுப்பு போச்சு. சொல்லாம வண்டியை எடுத்தா குஞ்சு போச்சு.

கிழக்கு: இப்ப என்னண்ணே பண்றது?

மேற்கு: நான் ரிப்பேர்னு சொல்லிடறேன். எனக்கு வயசாச்சு, வீட்டுக்குப் போறேன்.

கிழக்கு: நீங்க போயிட்டா புதுசா வர்றவன் அந்தக் கேபின்லதானே ஏறுவான்? வேணாம். நான் போறேன்.

மேற்கு: உன் பக்கெட்டை மட்டும் அவன் தூக்கமாட்டானா?

மேடம்: ரெண்டு பேரும் சேனலை மாத்தவே இல்ல. இவ்வளவு நேரமும் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு.

கிழக்கு: ஐயோ... மேடம்...

மேற்கு: மேடம், தம்பி மேல தப்பில்ல. கமிட்டிக்கு எழுதுறதா இருந்தா என் பேரை மட்டும் எழுதுங்க.

மேடம்: எழுதியாச்சு. எனக்குப் பைனாகுலர் கொடுத்திருக்கிறதே பறவை பார்க்கத்தானே?

மேற்கு: எழுதிட்டீங்களா? கூடு இருக்குன்னா?

மேடம்: ரெண்டு வண்டியும் ஒரே நாள்ல ரிப்பேர், ரெண்டு வாரம் ஆகும்னு. ஒரு வண்டி நின்னாத்தான் அந்த நாட்டு மேல பழி, வேற டிரைவர். ரெண்டும் நின்னா யாரு யாரைக் குத்தம் சொல்ல முடியும்? மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு, குருவிக் குஞ்சு பறந்து, தண்ணிக்கோழி முட்டை பொரிஞ்சதும் உடைச்சுக்கலாம். இப்பத்தான் பதில் வந்துச்சு. இந்தத் திட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து முதல் தடவையா ரெண்டு நாடும் ஒரு எழுத்தைக்கூட மாத்தாம கையெழுத்துப் போட்டிருக்காங்க... நான் எழுதின பொய்யில. ஓவர்.