மோதினாலே போதும்

கையை எடுங்க சார் அதுலேர்ந்து. உறை போடாத கையால அதைத் தொடக்கூடாது. வெளிப்பக்கம்தான், தெரியும், இருந்தாலும் தொடக்கூடாது. இதுவே உள்பக்கமா இருந்தா, உங்க ஒரு விரல் ரேகையைப் போக்க நான் மூணு நாள் இந்த மொத்த டப்பாவையும் சூடு பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கணும். விரல் பிசுக்கு அவ்வளவு லேசுல போகாது. பொருள்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு மேடையில பேசுறீங்களே, அந்தக் கிடையாத பொருள்தான், ஒரு விரலளவு.

உக்காருங்க. உங்க கேமராக்காரர் ஒயரை வேன்லயே விட்டுட்டாராம், வர நேரமாகும். உங்க வீடியோவுக்கு எல்லாத்தையும் காட்டணும்னு எங்க ஆராய்ச்சிக்கூட டைரக்டர் சொல்லியிருக்காரு. காட்டறேன்.

நானா? விஞ்ஞானியெல்லாம் இல்ல. இந்த இரும்பு டப்பாவுக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி வெளிய தள்ளணும், எங்கயும் கசியாம பாத்துக்கணும். இருபத்திரெண்டு வருஷமா அதான் வேலை. இந்தக் கட்டடத்துல என் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது, ஓட்டை அடைக்கிறவர்னு கேட்டா கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவாங்க.

கோவமாத்தான் இருக்கேன். மறைக்கல.

அந்தக் கோடியில சின்னதா ஒரு அடுப்பு இருக்கு பாருங்க. அதுல பொடி. சூடு பண்ணா பொடியிலேர்ந்து ஒவ்வொரு துகளா கெளம்பும். ஒவ்வொண்ணும் எழுபது அணு சேர்ந்தது. நடுவுல கீறல் கீறலா போட்ட தகடு, இந்தக் கோடியில கண்ணாடி. ஒரு நேரத்துல ஒண்ணுதான் வரும், வந்து முழுசா ஒரு புள்ளியா ஒட்டும். பாதி, கால்னு எதுவும் வராது. ஆனா புள்ளி சேரச் சேரக் கோடு கோடா நிக்கும் சார். தனித்தனியா வந்ததுங்க, ஒண்ணு மூஞ்சியை ஒண்ணு பார்த்ததில்ல, எப்படி இப்படி வரிசை கட்டுச்சு? ஒவ்வொண்ணும் தனக்குத்தானே அலையா விரிஞ்சு பல கீறல் வழியா வந்திருக்கு. மொத தடவை பார்த்தப்ப எனக்குச் சோறு எறங்கல. அதெல்லாம் நெஜம். நான் இல்லைங்கல. நீங்க சொல்றதுல பாதி நெஜம், அதான் எனக்கு வயித்தெரிச்சல். முழுப் பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்.

பார்த்தா அலை பொருளா மாறிடும்னு சொல்றீங்க. உங்க கவனம்தான் உலகத்தைப் படைக்குதுன்னு. கூட்டம் கை தட்டுது. சரி, யார் பார்த்தா சார்? அதைச் சொல்லவே இல்லையே.

ஒரு லீவுல பத்து நாள் மெஷினைத் தானா ஓட விட்டுட்டுப் போனோம். அறையைப் பூட்டியாச்சு, ஒரு ஈ காக்கா கிடையாது. வந்து பார்த்தா ஒரு கோடுகூடக் காணோம், எல்லாம் பூசின மாதிரி ஒரே மங்கல். ஆளாளுக்கு என்னையே மொறைக்கிறாங்க. தலைகீழா நின்னு தேடினேன். டப்பா மூடியை இறுக்குற ரப்பர் வளையத்துல ஒரு முடி. என் முடிதான், அப்ப இருந்துச்சு தலையில. அந்த முடி ஓரமா காத்து நுழைஞ்சு துகள் மேல மோதியிருக்கு. அவ்வளவுதான். எந்த வழியா வந்துச்சுன்னு மோதின காத்துல பதிஞ்சு போச்சு, கோடும் போச்சு. பார்க்கிறதுன்னா கண்ணும் இல்ல, மனசும் இல்ல சார். மோதினாலே போதும். உலகம் தன்னைத்தானே இடிச்சுக்கிட்டே இருக்கு, நீங்களும் நானும் வேடிக்கை பார்க்கணும்னு அதுக்கு அவசியமே இல்ல. பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?

அணுவுக்குள்ள பூரா வெற்றிடம், அதைத்தானே சொல்ல வர்றீங்க? வரட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். வெற்றிடம்னா உங்க கை ஏன் இந்த மேஜைக்குள்ள போகல? அது காலியா கிடக்கிற வீடு இல்ல. எலக்ட்ரானோட அலை அங்க பூரா பரவி நிக்குது. ஒண்ணு இருக்கிற நிலையில இன்னொண்ணை வர விடாது, எவ்வளவு அழுத்தினாலும் விடாது. அந்தப் பிடிவாதத்து மேலதான் நீங்க இப்ப உக்காந்திருக்கீங்க.

கட்டியும் அப்படித்தான் சார். அதுவும் இடம் புடிச்சா விடாது.

எந்தக் கட்டியா? எங்க அக்காவுக்கு. மெத்தை உறை தைக்கிற கம்பெனியில வேலை. ஒரு காதுல மெஷின் சத்தம், இன்னொரு காதுல போன்ல உங்க பேச்சு. நாள் பூரா. மார்ல சட்டைப் பட்டன் அளவுக்கு ஒண்ணு வந்துச்சு. டாக்டர் பார்த்துட்டு, சின்னதாத்தான் இருக்கு, எடுத்துட்டு மருந்து குடுத்தா நல்லாயிடுவீங்கன்னாரு. அவ போகல. அது அலைதான்டா, நான் கவனிச்சாத்தான் கட்டியாகும், கவனிக்கவே போறதில்லைங்கிறா. அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கி முடி சீவ முடியல, அப்பவும் கவனிக்க மாட்டாளாம். ஏழு மாசம் ஆச்சு. இப்ப எலுமிச்சம்பழம் அளவு. டாக்டர் மறுபடி பார்த்துட்டு, இன்னமும் கைவிட்டுப் போகல, திங்கக்கிழமை ஆபரேஷன் வச்சுக்கலாம், இதையும் தவற விட்டா தன்னால எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. இவ மாட்டேங்கிறா.

ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நீங்க சொல்லல. தெரியும். எல்லாத்தையும் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டேன், எந்த இடத்துலயும் நீங்க அப்படிச் சொல்லல. ரொம்ப சாமர்த்தியமாத்தான் பேசுறீங்க.

வேற எதுவும் வேணாம். எங்கூட அக்காகிட்ட வாங்க. நான் மேடையில சொன்னது உடம்புக்குப் பொருந்தாதும்மா, திங்கக்கிழமை போயிட்டு வாங்கன்னு உங்க வாயால ஒரு வார்த்தை.

நானே சொல்லலாமேங்கிறீங்க. தம்பிதான், இங்கயேதான் வேலை பார்க்கிறேன், நான் சொன்னா கேக்க மாட்டாளான்னு. கரடியா கத்திட்டேன் சார். காலைப் புடிச்சுக்கூட கெஞ்சிட்டேன்.

உங்க பேச்சை மட்டும் வச்சு அவ நம்பல. அதான் விஷயம். பட்டன் அளவு இருக்கும்போதே எனக்கு போன் பண்ணிக் கேட்டா. கட்டியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஏண்டா, ஒருத்தர் பேசுறாரு, பொருளெல்லாம் வெறும் அலைதான், உள்ள முக்காலும் வெற்றிடம்தாங்கிறாரு, நீ அங்கதானே இருக்க, நெஜமான்னா. நான் இதோ, இந்த டப்பாவுக்குள்ள தலையை விட்டு வளையம் மாட்டிக்கிட்டிருந்தேன். போன் தோள்ல. உறை போட்ட கையால அதை எடுக்கக்கூடாது பாருங்க, சீக்கிரம் வச்சாத் தேவலைன்னு இருந்துச்சு. ஆமாக்கா, நெஜந்தான்னு சொல்லிட்டேன். ஏன்க்கா கேக்கறேன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல.

இப்ப எது சொன்னாலும், நீதானேடா ஆமான்னே, இப்ப பயத்துல மாத்திப் பேசுறேங்கிறா.

வீடு இங்கேர்ந்து பத்து நிமிஷம்தான். கேமரா வேணாம்.