பளிச்சுன்னு தெரியுது

— தலையை ஆட்டாதேக்கா. கன்னத்தை இன்னும் கொஞ்சம் சாய்... ம், இப்ப?

— உறுத்தலை. துப்பாக்கிக் கட்டை மேல என்னடா வெச்சே?

— உன் பழைய ரப்பர் செருப்பு.

— அடப்பாவி! என் கன்னத்துக்குச் செருப்பா?

— கழுவிட்டுத்தான் வெட்டினேன். மேல தோல் வெச்சுத் தெச்சிருக்கேன் பாரு. கடையில இதையே யானை விலை சொல்றான்.

— சோபா தைக்கிறவன் கைன்னு தெரியுது. மெத்து மெத்துன்னு... தூக்கமே வருது.

— ஞாயித்துக்கிழமை தூங்கிடாதே. அறுபது குண்டு சுடணும்.

— ஞாபகப்படுத்தாதே. எனக்கு இருபத்தொன்பது வயசாயிடுச்சு. இந்தத் தடவை டீம்ல எடுக்கலைன்னா அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க.

— எடுப்பாங்க. முழங்கை வழுக்குதுன்னியே?

— நீ கோட்டுக் கையில சைக்கிள் டியூப் ஒட்டினதுலேர்ந்து இல்லை.

— கோட்டு பட்டன்?

— தள்ளித் தெச்சது சரியா இருக்கு. மூச்சு விட முடியுது.

— துப்பாக்கி காலிதானே?

— மூணு தடவை திறந்து பாத்துட்டேன்.

— அப்ப அந்தச் சுவத்துப் பொட்டைக் குறி பாரு. எப்படி இருக்கு?

— பளிச்சுன்னு தெரியுது.

— ம்...

— என்ன ம்?

— ஒண்ணுமில்லை.

— டேய்... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட உளறிடாதே.

— நான் எதுக்கு உளறப் போறேன்?

— ரெண்டு மாசம் முன்னாடி வலது கண்ணு மங்கிப் போச்சு. குறி பாத்தா பொட்டு கரைஞ்சு ஓடும். பயந்து போய் டாக்டர்கிட்ட காட்டினேன். கருவிழி மெலிஞ்சு முன்னால தள்ளுதாம். சீக்கிரம் சிகிச்சை பண்ணினா இதோட நிறுத்திடலாம், விட்டா போன பார்வை திரும்பாதுன்னார்.

— ...தேதி கூட வாங்கியிருந்தே.

— உனக்கெப்படித் தெரியும்?

— பட்டன் தெக்கறப்ப கோட்டுப் பையில ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்துது.

— திருட்டுப் பயலே! ஒரு வார்த்தை கேக்கலையேடா?

— நீ சொல்லலை. நானும் கேக்கலை.

— சரி விடு. அதுக்கு அவசியமே இல்லாமப் போச்சு.

— அவசியம் இல்லையா?

— சிகிச்சை பண்ணினா ரெண்டு மாசம் துப்பாக்கியைத் தொடக்கூடாதாம். செலக்‌ஷனை மறந்துட வேண்டியதுதான். ராத்திரியெல்லாம் அழுதேன். அப்புறம் பாத்தா, அந்த வாரமே தானா சரியாயிடுச்சு!

— சரியாயிடுச்சா?

— பஸ் போர்டு, தெரு விளக்கு எல்லாம் இன்னும் கொஞ்சம் மங்கல்தான். ஆனா துப்பாக்கியில கண்ணை வெச்சா அவ்வளவு தெளிவு. பாயிண்ட் கூட ஏறியிருக்கு. இதைவிடப் பெரிய டாக்டர் யாரு? அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை.

— அக்கா...

— ஏண்டா மூஞ்சி இப்படிப் போகுது?

— துப்பாக்கியை இப்படிக் குடு. ஒரு நிமிஷம்... இந்தா. இப்பப் பாரு.

— என்னத்தைக் கழட்டினே?

— பாருக்கா.

— பொட்டு எங்கடா? டேய்... கரையுதுடா! பழையபடி கரையுது! என்ன பண்ணினே?

— டின் தகடு. கறுப்படிச்சு, ஊசியால ஓட்டை போட்டு, நீ கண்ணு வெக்கிற இடத்துக்குள்ள ஒட்டியிருந்தேன். பொடி ஓட்டை வழியாப் பாத்தா மங்கின கண்ணுக்கும் தெளிவாத் தெரியும்.

— அப்ப என் கண்ணு...

— சரியாகலைக்கா. சீட்டைப் பாத்த அன்னிக்குத்தான் ஒட்டினேன். ஆஸ்பத்திரி தேதி வர்ற வரைக்கும் தாங்கட்டும்னு.

— தேதி போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சேடா...

— அன்னிக்குக் காலையில பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினியே... நீ ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்னு நெனச்சேன்க்கா.