மட் தீவுக்கு ஒரு கம்பளி உடுப்பு

— அந்தச் சீயக்காய்ப் பொடியை முதல்ல பெட்டியிலேர்ந்து வெளியில எடு!

— ஏன்னா, நீங்கதானே சொன்னேள், ‘குளிக்கற சாமானெல்லாம் கொண்டு வரணும்’னு துரை கடுதாசில எழுதியிருக்கார்னு? சீயக்காய், நல்லெண்ணெய், சொம்பு, ஈரிழைத் துண்டு ரெண்டு. எல்லாம் வச்சாச்சு.

— ‘பாத்திங் திங்ஸ்’னா அது இல்லேடி வாலாம்பா! சமுத்திரத்துல குளிக்கற டிரஸ். மட் தீவு என்ன நம்ம மாட்டுங்கா குழாயடியா? துரையோட பங்களா! மணல், வெயில், அலை. மூணு நாள் ஹாலிடே. ஆபீஸ்ல நாலே நாலு கிளார்க்கைத்தான் சம்சாரத்தோட கூப்பிட்டிருக்கார்.

— சமுத்திரத்துல குளிக்கறவா எண்ணெய் தேச்சுக்கப்படாதோ?

— படாது. இதோ பாரு, ஸ்விம்மிங் காஸ்ட்யூம். சோர் பஜார்ல ஹமீது கடையில வாங்கினேன். பக்கா இங்கிலீஷ் சரக்கு. சீமைக்குத் திரும்பின ஏதோ பட்டாளத்துக் கேப்டனோடதாம்.

— இதென்ன, கம்பளியா?

— அஃப்கோர்ஸ். அங்கெல்லாம் கம்பளியிலதான் நீந்தறா.

— போத்திக்கறதைப் போட்டுண்டா தண்ணியில இறங்குவா? நனைஞ்சா நாலு சேர் கனக்குமே! கரையேறச்சே உடுப்பு தண்ணியிலேயே நின்னுடும், நீங்க மட்டும் வருவேள். இருங்கோ, இடுப்பைச் சுத்தி இதென்ன பாவாடை மாதிரி?

— அது… ஒரு மரியாதைக்கு.

— எந்த ஆம்பளைக்கு மரியாதை பாவாடையில இருக்கு? இது பொம்மனாட்டி உடுப்பாக்கும்! மார்த் தையலைப் பாருங்கோ.

— மெதுவாப் பேசுடி, அடுத்தாத்து சுப்புலக்ஷ்மி காதுல விழும். கேப்டன் போட்டுண்டதுன்னு ஹமீது சத்தியம் பண்ணினான்.

— கேப்டன் ஆம்படையா போட்டுண்டிருப்பா.

— சரி, பாவாடையைக் கத்தரிச்சுக் குடு.

— கத்தரிக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. ஜுஹுவில அலை கால்ல பட்டாலே என் தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்கறவர் நீங்க. உங்களுக்கு என்னத்துக்கு நீச்சல் உடுப்பு?

— துரை போட்டி வச்சிருக்கார். கரையிலேர்ந்து எதிர்ப் பாறை வரைக்கும். நானும் துரையும்.

— நீங்களா!

— போன வாரம் டீ குடிக்கறச்சே, சின்ன வயசுல ஏதோ ஆத்தை நீந்திக் கடந்தேன்னார். என் வாய் சும்மா இருக்கல்லே. ‘நானும்தான் சார், பன்னண்டு வயசுல, வெள்ளம் கரை புரண்டு போறச்சே, கல்பாத்திப் பொழையை நீந்தி அக்கரைக்குப் போனேன்’னு சொல்லிட்டேன்.

— அது நானாக்கும்!

— தெரியும்.

— அக்கரையில கன்னு மாட்டிண்டு கத்தித்துன்னு போனது நான்! நீங்க பொண் பாக்க வந்தன்னிக்கு எங்கப்பா சொன்ன கதை!

— கன்னையும் சொல்லிட்டேன்.

— பெண்டாட்டியோட வெள்ளத்தைத் திருடற மனுஷா உண்டா!

— துரைக்கு ஒரே சந்தோஷம். ‘மிஸ்டர் ஜம்பு, உன்னை மாதிரி ஆள்தான் ஹெட் கிளார்க்கா இருக்கணும்’னார். அடுத்த மாசம் கப்பலேறறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துட்டுப் போவாராம்.

— நீங்க முங்கிப் போனா யாருக்கு எழுதிக் குடுப்பார்?

— அதான், நீ எனக்கு இன்னிக்குள்ள நீச்சல் கத்துக் குடுத்துடு.

— நாளைக்குக் கார்த்தால வெர்சோவாவில படகு ஏறணும். இன்னிக்குக் கத்துக்கறாராம்!

— இதோ, பெஞ்சுல குப்புறப் படுத்துண்டாச்சு. கையை எப்படி? இப்படியா?

— மாவாட்டற மாதிரி இருக்கு. முன்னாடி நீட்டுங்கோ. காலை உதைங்கோ. ஐயோ, பெட்டியை இல்லே! போச்சு, நல்லெண்ணெய் பூரா என் பட்டுப்புடவையில!

— மூச்சு முட்டறதுடி.

— தரையிலேயே முட்டறதோன்னோ? போறும், எழுந்திருங்கோ.

— இரு. துரைகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். ‘சார், அது என் சம்சாரத்தோட கதை. அவளே வந்திருக்கா, அவளோட நீந்திப் பாருங்கோ’ன்னு.

— நானா?

— உடுப்பும் உன் அளவுதான். கத்தரிக்கவே வேண்டாம்.

— ஹெட் கிளார்க் உத்தியோகம்?

— போனாப் போறது. பதினஞ்சு வருஷமா நான் உன்கிட்ட இதைச் சொன்னதில்லே. அப்போ எனக்கு வேற ரெண்டு ஜாதகம் பொருந்தியிருந்தது. உங்கப்பா சொன்ன வெள்ளத்துக் கதையைக் கேட்டப்பறம், பண்ணிண்டா இவளைத்தான்னு அம்மாகிட்ட ஒரே பிடிவாதம். நானோ பயந்தாங்கொள்ளி. ஆத்துக்கு ஒருத்தராவது தைரியமா வேணுமோல்லியோ? என்னடி, கண்ணைத் தொடைச்சுக்கறே?

— ஏன்னா, உங்களுக்கு ஜுரம்னு சொல்லி அனுப்பிச்சுட்டா என்ன?

— எதுக்கு? பாறை என்ன பாறை, நீ அங்கேர்ந்து மாட்டுங்காவுக்கே நீந்தி வந்துடுவே!

— நான் எங்கே நீந்தினேன்? எங்காத்து எருமைதான் நீந்தித்து. நான் வாலைப் பிடிச்சுண்டிருந்தேன்.