தானாக முறுக்கிக்கொள்ளும் சுருள்

ஊசி போடுவதில் எனக்குக் கைராசி உண்டு என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்வார். அவருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் இன்சுலின் போட்டுவிடுவது நான்தான். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பதறுகிற ஆட்களின் பக்கத்தில் நாளெல்லாம் நிதானமாக உட்கார்ந்திருப்பார். ஊசியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். களைப்பாக இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். புரதத்தின் சின்னத் துண்டுகளை நான் வடிவமைத்தேன். இரும்பைச் சேர்த்தால் போதும், யாரும் கைவைக்காமலே அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்து முறுக்கிக்கொண்டு ஊதா நிறச் சுருளாகிவிடும். செல் இரண்டாகப் பெருகும்போது டிஎன்ஏ இழைகள் பிரியும் கவட்டில் அந்தச் சுருள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தச் செல் பெருகாது. புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று நம்பி என் இளமையை அதற்கே கொடுத்தேன்.

கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நன்றாக வேலை செய்தது. எலியிலும் செய்தது, ஆனால் நல்ல செல்லையும் விட்டுவைக்கவில்லை. துறைத் தலைவர் ஆய்வை நிறுத்திவிட்டார்.

"எலிக்கே ஆகலையே, மனுஷனுக்கு எப்படிம்மா குடுக்கிறது? விட்டுடு," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

எலி வேறு, மனிதன் வேறு. அதை அவருக்கு யார் காட்டுவது? புற்றுநோயாளியிடம் பார்த்தால் எது நோயின் வேலை, எது மருந்தின் வேலை என்று பிரிக்க முடியாது. ஓரளவு திடமான ஆள் வேண்டும். கண்ணெதிரே இருக்கவும் வேண்டும்.

அந்தச் சுருளை என் கணவருக்கு இன்சுலினோடு சேர்த்துப் போட்டேன். ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என்ன விஞ்ஞானி, மருந்து ஊதாவா இருக்கு?"

"டாக்டர் மாத்திக் குடுத்திருக்காரு."

"நீ போட்டா சரி," என்று மறுபடி திரும்பிக்கொண்டார்.

பிறகு, பிரேக்கை மிதிக்கக் காலில் தெம்பில்லை என்று வேலைக்குப் போவதை நிறுத்தினார். தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. நாத்தனார் வந்து பார்த்துப் பயந்துவிட்டாள்.

"அண்ணி, ஈறெல்லாம் ரத்தமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்."

"நான் பாத்துட்டுதானே இருக்கேன்," என்றேன்.

அது பொய்யில்லை. அவர் ரத்தத்தை எடுத்துப்போய் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சுருள் நான் வரைந்தபடியே அமர்ந்திருந்தது. அமர்ந்திருந்ததெல்லாம் நல்ல செல்களில். தலைவர் சொன்னது சரிதான். அப்போதே நிறுத்தியிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் அதுவரை அவர் பட்டதெல்லாம் வீணாகிவிடுமே என்று தொடர்ந்தேன்.

கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால உனக்குத்தான் எவ்வளவு சிரமம்," என்றார். அழுதேன். அது நடிப்பில்லை.

அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை. நான் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லாத மனிதர் அவர். இதற்கும் நிச்சயம் சம்மதித்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.