கம்பெனி கலர்

உங்கள் ஏட்டு காரின் நிறத்தைப் பச்சை என்று எழுதிவிட்டார். மற்றதைப் பேசுவதற்கு முன் அதைத் திருத்திவிடுங்கள், இன்ஸ்பெக்டர். வாழை இலையும் பச்சை, சாக்கடைப் பாசியும் பச்சை. பார்க்கத் தெரியாதவர்கள் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீர் மழை வருவதற்குச் சற்று முன் சாம்பலும் பச்சையுமாக இருக்குமே, அதுதான் என் காரின் நிறம்.

என் பெயர் ஞானதுரை. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கொருக்குப்பேட்டையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

அந்தக் கார் முப்பத்தாறில் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. துறைமுகத்தில் பெரிய வேலையில் இருந்த ஒரு துரை வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் குண்டு விழுமென்று பயந்து எந்தப் புத்திசாலியோ அதன்மேல் பட்டாளத்துக் காக்கியைப் பூசிவிட்டான். சுதந்திரம் வந்து துரை ஊருக்குக் கிளம்பும்போது நான் வாங்கினேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே யோசனைதான், கறுப்பு அடித்துவிடுங்கள் என்று. கறுப்புக்கு யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்த ஊரில் அது இத்தனை பேருக்குப் பிடிக்கிறது.

காக்கி படாத இடம் ஒன்று காருக்குள் இருந்தது. மீட்டர் பலகைக்குப் பின்னால், உள்ளங்கை அகலம். அழுக்கைத் துடைத்ததும் கம்பெனியில் பூசிய கலர் நேற்றுப் பூசியதுபோல் தெரிந்தது. அதற்கு ஒத்துவரும்படி கலக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பச்சையில் வெள்ளை, அதில் கறுப்பு ஒரு சொட்டு, மஞ்சள் ஊசிமுனை அளவு. தகரத் துண்டில் பூசிக் காயவைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரத்தில் ஒத்துப்போவது காய்ந்ததும் வேறாகிவிடும். என் மனைவி ரோஸ்மேரி எல்லாத் தகரத்தையும் பார்த்து, “ஒண்ணுபோலத்தானே இருக்கு” என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் காட்டவில்லை.

கடைசியில் சரியாக வந்தது. ஆனால் அதில் சேர்ந்த பச்சை பம்பாயிலிருந்து வரவழைத்த பழைய சரக்கு. அந்த டப்பாவோடு தீர்ந்தது.

ஸ்பிரே அடிக்க ராயபுரத்துச் சவரிநாதனைக் கூப்பிட்டேன். நல்ல கை, தலைக்குள் ஒன்றுமில்லை. கிடங்குக்குப் பின்னால் என் தகரக் கொட்டகையில் வேலை. இரட்டைக் கதவை விரியத் திறந்துவைத்தான்.

“மூடினா ஆவாது மொதலாளி. இந்த தின்னர் வாடை ஆளையே தூக்கிடும்.”

பக்கத்துத் தண்டவாளத்தில் போன கூட்ஸ் வண்டியின் கரி வந்து படிந்தது. மதியம் கடற்காற்று எழுந்ததும் அதன் ஈரம் பட்டுப் புதுப் பூச்சு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது.

“இன்னா மொதலாளி, வண்டிக்குத் தேமல் வந்துகீது” என்று சவரிநாதன் சிரித்தான். எதிர் டீக்கடை ஜாபரும் சேர்ந்து சிரித்தான்.

எல்லாவற்றையும் சுரண்டித் தேய்த்தோம். மிச்சமிருந்த பெயிண்ட் ஒரு பூச்சுக்குத்தான் வரும். மறுபடி அடிப்பதற்கு முந்தின நாள், மேலே இருந்த காற்றுத் துவாரங்களில் கோணி அடைத்தேன். சவரிநாதன் வந்ததும் அண்ணாந்து பார்த்தான். “கதவு தொறந்துதானே கீது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூக்கில் துண்டைக் கட்டினான். அவன் காருக்கு அந்தப் பக்கம் போனதும் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டேன். ஸ்பிரேவுக்குக் காற்று தரும் மோட்டார் வெளியே இருந்தது. அதன் குழாய் மட்டும் கதவுக்கு அடியில் உள்ளே போனது.

“மொதலாளி, இன்னா பண்றே?”

“முடிச்சிட்டுத் தட்டு. தொறக்கேன்.”

திட்டினான். பிறகு ஸ்பிரே சீறும் சத்தம் கேட்டது. சீக்கிரம் முடித்தால் வெளியே வரலாம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அன்று அவன் கை எவ்வளவு சீராக ஓடியிருக்கிறது என்பது பூச்சைப் பார்த்தால் தெரியும். பயம் இருந்தால்தான் இவர்களுக்கு வேலை சுத்தமாக வருகிறது.

சொன்னபடி முடித்துவிட்டுத் தட்டினான். ஆனால் கடற்காற்று அதற்குள் எழுந்துவிட்டது. பூச்சு இறுகும்வரை திறக்க முடியாது. அதைக் கதவுக்கு வெளியே நின்று பொறுமையாகவே சொன்னேன்.

“மூச்சு முட்டுது மொதலாளி. வூட்ல புள்ளைங்க கீது.”

பெயிண்ட் காய்வதற்கும் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜாபர் தெருவைத் தாண்டி வந்தான். “உள்ள ஆரோ தட்றாங்களே மொதலாளி?”

“தகரம் நிமித்துறான்” என்றேன். போய்விட்டான். நான் சொன்னதை நம்பியதற்காக அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவன் எதையும் நம்புவான்.

தட்டுவது மெதுவாகி, நின்றது. நின்ற பிறகும் வெயில் சாயும்வரை ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது கதவோரம் கிடந்தான். காரில் ஒரு கீறல் இல்லை.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். அரைகுறை மனிதர். தெரிந்துதான் செய்தேன். திறந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான், பூச்சு போயிருக்கும். இரண்டில் எதைத் திரும்பச் செய்ய முடியாது என்று யோசித்தேன். இந்த ஊரில் ஸ்பிரே அடிக்க ஆளா இல்லை?

அவன் சிரித்ததற்காகவா என்று கேட்டீர்கள். ஒரு கூலிக்காரன் சிரிப்பை எல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருந்தது. சிரிக்கும்போது இடது கண் மூடிக்கொண்டது. அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

அவன் மனைவி வியாகுலம்மாள் கொட்டகை வாசலில் மண்ணை வாரி இறைத்தாளாம். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், இன்ஸ்பெக்டர். அவள் புருஷன் பிறந்ததிலிருந்து செய்த ஒரே உருப்படியான வேலை அது. ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட்டால், புகாரைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வாள்.