ஜெபமணியின் முப்பதாயிரம் அடி

இது இப்படித்தான் முடியும்னு நான் அன்னைக்கே சொல்லிட்டேன்! நம்ம நடைப்பயிற்சிச் சங்கத்துக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு, யார் எத்தனை அடி நடந்தாங்கன்னு தினம் பட்டியல் போட்டாங்க பாருங்க... அன்னைக்கே! நான் படிச்சது ஆறாங்கிளாஸ். ஆனா எனக்குத் தெரிஞ்சது டாக்டருக்கே தெரியாது. நம்பலையா? ஒரு சின்ன சங்கதி இருக்கு, கேளுங்க.

நம்ம அருளானந்தம் இருக்காரே, ரேஷன் கடையில இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்குச் சர்க்கரை முந்நூத்தி நாப்பது. டாக்டர் சொல்லிட்டார்: "மூணு மாசம் பார்ப்பேன். நடந்து குறைச்சா மாத்திரையோட போகும். இல்லேன்னா தினம் வயித்துல ஊசி." ஊசின்னா இவருக்கு அவ்வளவு பயம். போலியோ சொட்டு மருந்து முகாம் நடந்தாலே அந்தத் தெருப்பக்கம் போக மாட்டார்! சொட்டு மருந்துக்கு ஏதுய்யா ஊசி?

முதல் நாள் வேர்க்க விறுவிறுக்க நடந்தார். ரெண்டாயிரம் அடி! பெருமையா போனைப் பார்க்கிறார்... பட்டியல்ல முதல் ஆள், டெய்லர் ஜெபமணி. எத்தனை? முப்பதாயிரம்! மறுநாள்? முப்பத்திரெண்டாயிரம்! "அவன்ல மனுசன்... நாம எங்க!" செருப்பைக் கழட்டி மூலையில போட்டார். படுத்துட்டார்.

சம்சாரம் ரூபி கேக்குது: "இன்னைக்கு எத்தனை அடி?"

"முந்நூறு."

"மீதி அடியை நான் போடவா?"

ஒரு மாசம் ஓடிப்போச்சு. பேண்ட் இடுப்புல ஏற மாட்டேங்குது. பிரிச்சுத் தைக்க எங்க போனார்? ஜெபமணிகிட்டயே!

போய்ப் பார்த்தா... அந்த ஆள் ஸ்டூல்ல உட்கார்ந்து தையல் மிஷினை மிதிக்கிறார். கடகட... கடகட... போன் எங்க? பேண்ட் பாக்கெட்டுல!

"ஜெபமணி... நீ எப்பய்யா நடக்குற?"

"நடக்கவா? எந்திரிக்கவே நேரம் இல்லை அண்ணாச்சி. கல்யாண வீட்டு ஜாக்கெட் பதினெட்டு! மிதிக்கிற மிதியை எல்லாம் இந்தப் போன் நடந்த அடின்னு எண்ணிக் காட்டுது."

"அட பாவி! உன்னைப் பார்த்துத்தானடா நான் படுத்தேன்!"

அன்னைக்குச் சாயங்காலம் பட்டியலைக் கீழ இருந்து பார்த்தார். இவருக்குக் கீழ ஒரே ஆள். அது யாருன்னு இப்ப வேண்டாம். நேர் மேல யாரு? மச்சினன் ஐசக், ரூபியோட தம்பி. இருநூறே அடிதான் கூட. "இவன்கிட்டயா நான் தோக்குறது?" செருப்பைத் தேடினார்! இவர் அறுநூறு போட்டா அவன் எண்ணூறு. அவன் ஆயிரம் போட்டா இவர் ஆயிரத்தி ஒண்ணு. மூணாவது மாசம் ரெண்டு பேரும் ஆறாயிரம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார்... "ஊசி வேண்டாம்யா."

இதுல என்ன தெரியுது? அடுத்தவனைப் பார்க்காதேன்னு நான் சொல்ல மாட்டேன். பாருங்க! ஆனா முன்னால போறவன் முதுகு கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சா கால் தானா எட்டிப் போடும். முதுகே தெரியாத தூரத்துல போறவனைப் பார்த்தா... படுக்கத்தான் தோணும். அவன் நடக்கிறானா, மிதிக்கிறானா, யார் கண்டது?

அங்க ஐசக் சிரிக்கிறான்... சரி, சொல்லிடறேன். ஒண்ணு மட்டும் நானாச் சேர்த்தது. அன்னைக்கே சொன்னேன்னு சொன்னேன்ல? எதுவும் சொல்லலை. ஜெபமணியோட முப்பதாயிரத்தைப் பார்த்துட்டு, அருளானந்தத்துக்கு முன்னாடியே படுத்தவன் நான். அவருக்குக் கீழ இருந்த அந்த ஒரே ஆள்... நான்தான். இன்னும் அங்கேயேதான் இருக்கேன்.

எனக்கு நேர் மேல இப்ப யாருன்னு மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கப்பா. செருப்பு வாசல்லதான் கிடக்கு.