அப்பா முதலில் விழ வேண்டும்

— தப்பா எடுத்துக்காதீங்க மேடம், தண்ணியைக் கண்டு பயப்படுற பொண்ணு இல்ல இவ. வீட்டுல ஒரு மாசமாப் பழக்கி வெச்சிருக்கேன். தலையில எத்தனை சொம்பு ஊத்தினாலும் கண்ணை மூட மாட்டா. குளிக்கிற தொட்டியில மல்லாந்து படுத்தான்னா காது ரெண்டும் தண்ணிக்குள்ள, மூக்கு மட்டும் மேல.

— பழக்கினது தெரியுது சார். ஆனா இன்னைக்குப் பாடம் வேற. பள்ளிக்கூடச் சட்டை, ஷூ எல்லாம் போட்டபடியே நீச்சல் குளத்துல விழணும். தானாத் திரும்பி மிதந்து, நான் வர்ற வரைக்கும் மூச்சு விட்டுக்கிட்டே காத்திருக்கணும். மத்த பிள்ளைங்க எல்லாம் முடிச்சாச்சு. உங்க வாண்டு மட்டும் ஓரத்துல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

— நான் கேட்டுப் பார்க்கட்டுமா மேடம்? குட்டிம்மா, ஏன்டா விழ மாட்டேங்குற?

— அப்பா முதல்ல விழணும்.

— அப்பா எதுக்குடா? கிளாஸ் உனக்குத்தானே.

— நீ முதல்ல. அப்புறம்தான் நான்.

— சார், இதென்ன புதுக் கதை?

— அது என் தப்புதான் மேடம். சொல்லவே கூச்சமா இருக்கு. ஆரம்பத்துல தொட்டியில படுக்கவே மாட்டேன்னா. சரி, நாமளே படுத்துக் காட்டுவோம்னு படுத்தேன். இவ என் தலைக்குக் கீழ கையை வெச்சுக்கிட்டு, 'லைட்டைப் பாரு, தொப்பையைத் தூக்கு'ன்னு அதட்டுவா. அதுக்கப்புறம்தான் இவ படுப்பா. அப்படியே பழகிப் போச்சு.

— நல்லாக் கெடுத்தீங்க. நாளைக்கு எங்கேயாவது வழுக்கினா, அப்பா வந்து முதல்ல விழட்டும்னு சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?

— அதுதான் மேடம் எனக்கும் பயம். அடுத்த வாரம் புது வீட்டுக்குப் போறோம். பின் கதவைத் திறந்தா வாய்க்கால். இவ திரும்பி மிதக்கிறதை என் கண்ணால பார்க்காம அங்க நான் எப்படித் தூங்குவேன்?

— அப்ப வேற வழி இல்ல. பர்ஸ், போன் எல்லாம் பெஞ்சுல வெச்சிட்டு இறங்குங்க.

— இந்தச் சட்டையோடவா? ஆபீஸ்ல இருந்து நேரா வந்திருக்கேன் மேடம்.

— பிள்ளைங்களும் சட்டையோடதானே விழுந்தாங்க.

— கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன். அவ காதுல விழ வேண்டாம். எனக்கு நீச்சல் தெரியாது மேடம். அந்தத் தொட்டியைத் தாண்டி நான் எந்தத் தண்ணியிலயும் இறங்கினதில்ல.

— பதறாதீங்க. இங்க உங்க நெஞ்சளவுதான். நான் பக்கத்துலயே நிக்கிறேன். உங்க பொண்ணு சொல்றதை மட்டும் கேளுங்க.

— அப்பா, கண்ணாடியைக் கழட்டு.

— கழட்டிட்டேன்மா.

— விழு.

— இதோ...

— மிஸ், அப்பா உள்ளயே இருக்காரு.

— வருவார், வருவார். பாரு, தலை வந்துடுச்சு. சார், கையை அடிக்காதீங்க.

— காதை நனைப்பா. தொப்பையைத் தூக்கு. தூக்குன்னா தூக்கணும்.

— தூ... தூக்கிட்டேன்.

— கையை விரி. மேல பாரு. மூச்சு விடு. ஆங், அப்படித்தான். மிஸ், எங்கப்பா மிதக்குறாரு. யாருமே புடிக்கல. நான்தான் கத்துக் குடுத்தேன்.

— ஆமாடி. நாலரை வயசுல உனக்கு இந்த அதிகாரமா? இவ்வளவு பெரிய பிள்ளையை என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கூட்டிட்டு வந்ததில்ல.

— மேடம், நிஜமாவே மிதக்குறேனா?

— என் கை ரெண்டும் என் இடுப்புலதான் இருக்கு சார்.

— தள்ளிக்கப்பா. இப்ப நான்.

— ஐயோ, விழுந்துட்டா. மேடம், அவ...

— நில்லுங்க. கிட்ட போகாதீங்க. திரும்புறா பாருங்க. ஷூ கீழ இழுக்குது, இருந்தாலும் விட மாட்டா. ம், முகம் மேல வந்துடுச்சு.

— மூச்சு விடுறா. மேடம், அவ பாட்டுக்குப் படுத்திருக்கா. ஊரையே கூட்டிக் காட்டணும் போல இருக்கு. இதைப் பார்க்க அவங்க அம்மா இன்னைக்கு வராமப் போயிட்டாளே.

— போதும், தூக்கிடலாம். வாடி என் தங்கம். இவ்வளவு நல்லாச் செய்யுறவ, நான் சொன்னதும் விழுந்திருக்கலாம்ல? எதுக்கு அந்த அடம்?

— நான் விழுந்தா அப்பாவும் குதிச்சிடுவாரு மிஸ். அவருக்குத்தான் நீச்சல் தெரியாதே.